தொட்டுக் கும்பிட்ட பிணம்

பவளத்துக்குப் பேய்ப்படம் பிடிக்காது. வெள்ளைப் புடவை, கொலுசுச் சத்தம், காட்டுக்குள் ஒரு பாட்டு, அதெல்லாம் குழந்தைக்குச் சோறு ஊட்டக் காட்டுகிற பூச்சாண்டி என்பாள். அவளுக்குப் பிடித்தது செத்தவர்கள் எழுந்து நடக்கிற படம். இப்போது டிவியில் ஜாம்பி என்கிறார்கள். எண்பத்து மூன்றில், சாலவாக்கம் ஏரிக்கரைக்குக் கீழே ராஜாராம் டென்ட் கொட்டகை போட்டிருந்தபோது, நாங்கள் அதை நடைப்பிணப் படம் என்போம்.

அந்த வருஷம் ராஜாராமுக்கு வாய்த்ததெல்லாம் அந்தச் சரக்குதான். காஞ்சிபுரத்தில் யாரோ ஒருவர் பழைய இங்கிலீஷ் படங்களை மலிவாகக் கொடுத்தார், இவரும் வாங்கி ஓட்டினார். படத்தின் பேர் எங்கள் வாயில் நுழையாது. கடலுக்கு நடுவில் நடக்கிற கதை என்றால் தீவுப் படம். பனிமலையில் நடந்தால் பனிப் படம். பாஷை புரியாததைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை. பிணத்துக்கு வசனம் ஏது?

நான் அந்தக் கொட்டகையில் பெண்கள் பக்கத்து டிக்கெட் கிழிப்பவள். சுலோச்சனா என்று பேர், வாய்க்காரி என்று பட்டம். பட்டத்தில் பொய் கிடையாது. என் பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்து வேகவைத்த வேர்க்கடலை விற்பவள்தான் பவளம். கடலை அவர்கள் சொந்தக் கொல்லையில் விளைந்தது. நிலபுலன் இருக்கிற வீட்டு மருமகள் கொட்டகை வாசலில் உட்காரலாமா என்று ஊரில் கேட்டார்கள். அவள் புருஷன் தணிகைவேல் வீட்டைவிட்டுப் போய் ஏழாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. வீட்டில் ஆம்பிளை இல்லை, இருப்பது மாமியார் உண்ணாமலை மட்டும். கேட்டவர்கள் யாரும் களை எடுக்கக்கூட வந்ததில்லை என்பதால், அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவள் பிறந்தது புள்ளலூரில். ராஜாக்கள் காலத்தில் அங்கே பெரிய சண்டை நடந்து ஆயிரக்கணக்கில் செத்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததை அவள் வேறு மாதிரி வாங்கிக்கொண்டாள். மாலையில் கறவை மாட்டை ஓட்டிக்கொண்டு வரும்போது, அறுத்த வயலில் மஞ்சள் வெயில் சாய்ந்து கிடக்கும். அப்போது கூலிக்கு வந்தவர்கள் வரிசையாக வரப்பில் வீடு திரும்புவார்கள். அசதியில் ஒருவரும் பேசமாட்டார்கள். கால்கள் மட்டும் நடக்கும். அவர்களுக்குப் பின்னாலேயே அந்தப் பழைய சிப்பாய்களும் எழுந்து வருவதாக அவளுக்குத் தோன்றுமாம். பயமாக இருக்காதா என்று கேட்டேன்.

"எதுக்குப் பயம்? அவங்களும் வூட்டுக்குத்தான் போறாங்க" என்றாள்.

இப்படிப்பட்டவளோடு சேர்ந்து படம் பார்த்தால் படம் வேறாகிவிடும். துணிக் கூரை காற்றில் மூச்சு வாங்குவதுபோல் ஏறி இறங்கும். மிஷின் ரூமிலிருந்து வருகிற வெளிச்சத்தில் மணல் தூசி மிதக்கும். திரையில் கண் மூடாத முகங்கள் நகர்ந்து வரும்போது ஆண்கள் பக்கம் விசில் பறக்கும், பெண்கள் பக்கம் அலறும். பவளம் மட்டும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "எவ்ளோ நாளா தூங்காம நடக்கறாங்க பாவம், கால் வலிக்காது?" என்பாள்.

எங்கள் சண்டை நடக்கிற இடம் கொட்டகைக்கு வெளியே புங்கமரத்தடி. உத்திரமேரூரிலிருந்து வருகிற டவுன் பஸ் அங்கேதான் திரும்பும். படப்பெட்டி அதில்தான் வரும். பெட்டியை இறக்கிப் போட்டுவிட்டு கண்டக்டர் முத்துகிருஷ்ணன் டீ குடிப்பார். தறியை நிறுத்திவிட்டு லோகநாதன் வந்துவிடுவார். காஞ்சிபுரத்துப் பட்டுக்காரர், மாமியார் ஊர் என்று இங்கே வந்து தறி போட்டவர். பட்டில் மயில் நெய்கிற மனுஷனுக்கு மனசெல்லாம் பிணம்.

"பனில வர்ற பொணம்தான்யா பொணம்" என்பார் முத்துகிருஷ்ணன். "நாறாது, அயுவாது, அப்பிடியே புத்தம் புதுசா எழுந்து வருது. நடை பாத்தியா? கால் மரத்துப்போன நடை. அது ஆக்டிங்கு."

"உன் பொணத்துக்கு வேகமே இல்ல. உன் பஸ்ஸு மாதிரியே கீது" என்பார் லோகநாதன். "தீவுப் படத்துல மணலைப் பொளந்துகினு வர்றான் பாரு, அவன் வேலைக்காரன்."

நானும் தீவுக் கட்சிதான். ஆனாலும் எனக்கு ஒரு குறை இருந்தது. "எந்தப் படமா இருந்தா இன்னா? பொதைக்கறதுக்கு முன்ன கால் கட்டை விரல் ரெண்டையும் சேத்துக் கட்டி இருந்தா எவன் எழுந்து நடப்பான்? வெள்ளக்காரனுக்குச் சாவு வூட்டு மொறையே தெரியல."

"கட்டி இருந்தா தத்தித் தத்தித்தான் வரணும்" என்றார் முத்துகிருஷ்ணன். ஊரே தத்தி வருகிற காட்சியை நினைத்து நாங்கள் எல்லோரும் டீயைச் சிந்தினோம்.

இந்த வாயாடலுக்கு ஒரு பலனும் இருந்தது. மழைக்காலம் தொடங்குமுன் கொட்டகையைப் பிரித்துவிடுவார்கள். பிரிப்பதற்கு முந்தைய கடைசி ஆட்டங்களுக்கு எந்தப் படம் என்பதை ராஜாராம் எங்களிடம் விட்டுவிடுவார். புங்கமரத்தடியில் யார் ஜெயிக்கிறார்களோ அவர்கள் கேட்ட பெட்டி மறுபடி வரும். பரிசு, பாராட்டு ஒன்றும் கிடையாது. ஆனால் எங்கள் படம்தான் கடைசியாக ஓடியது என்று அடுத்த வருஷம் வரை பீற்றிக்கொள்ளலாம். அதற்காகவே புரட்டாசி பிறந்ததிலிருந்து தீவுக்கும் பனிக்கும் கழுத்துப் பிடி நடந்துகொண்டிருந்தது.

அப்படி ஒரு நாள் சாயங்காலம், கூடையை இடுப்பிலிருந்து இறக்கிவைத்துவிட்டுப் பவளம் சொன்னாள்: "மாளிகைப் படம் போடுங்க."

 லோகநாதன் சிரித்த சிரிப்பில் பஸ்ஸிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அது 'சாம்பல்மேட்டு மாளிகை' என்று ஒரு படம். வெள்ளைக்காரன் படத்தைப் பார்த்து மெட்ராஸில் யாரோ ஆசைப்பட்டு எடுத்தது. சித்திரையில் வந்து, வந்த வேகத்தில் போனது. மாளிகையின் சுவர் அட்டை என்பது கண்ணுக்குத் தெரியும். பிணங்களுக்குப் பூசிய மாவு வியர்வையில் வழிந்து கழுத்தில் கோடு போடும். இதையெல்லாம்கூட மன்னிக்கலாம். ஒரு காட்சியில் பிணங்கள் வரிசையாகக் கையை நீட்டிக்கொண்டு மாளிகைக்குள் நுழையும். படிக்கட்டில் காவல்காரன் செத்துக் கிடப்பான். எல்லாப் பிணமும் அவனைத் தாண்டிப் போகும். ஒரு பிணத்தின் கால் மட்டும் அவன் தோளில் இடித்துவிடும். உடனே அந்தப் பிணம் குனிந்து, அவன் தோளைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு, மறுபடி கையை நீட்டிக்கொண்டு பிணமாக நடந்து போகும். எடுத்தவர்கள் கவனிக்கவில்லையோ, கவனித்தும் இன்னொரு முறை எடுக்க ஃபிலிம் இல்லையோ, அப்படியே விட்டுவிட்டார்கள். கால் பட்டால் தொட்டுக் கும்பிடுவது நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பேச வருமுன்பே வருவது. அதைச் செத்த பிறகும் செய்கிற பிணத்தை அன்றைக்குத்தான் பார்த்தோம். கொட்டகை இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். அதற்கப்புறம் ஊரில் யார் கால் யார் மேல் பட்டாலும், "மாளிகைப் பொணம்டா" என்று கேலி.

"அந்தப் படத்தையா? ஏம்மா, வெயில்ல உக்காந்து உனுக்குத் தலை கிறுகிறுத்துப் போச்சா?" என்றார் லோகநாதன்.

பவளம் கோபப்படவில்லை. மடியிலிருந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டுச் சொன்னாள்: "நீங்க சொல்ற படத்துல எல்லாம் பொணத்துக்கு வயிறு மட்டும்தான் கீது. கடிக்குது, துன்னுது, அவ்ளோதான். இதுல ஒரு பொணத்துக்கு வளர்ப்பு கீது. அது செத்துப்போச்சு, பேரு மறந்துபோச்சு, ஊரு மறந்துபோச்சு. ஆனா அம்மா கத்துக் குடுத்தது மட்டும் கைல தங்கிடுச்சு. இத வுட ஒசத்தியா ஒரு பொணத்தை எவன் எடுத்துட்டான், சொல்லுங்க."

முத்துகிருஷ்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். அதுவரை எத்தனையோ பேசியிருக்கிறோம், நடை, வேகம், பல், ரத்தம் என்று. இப்படி ஒரு பேச்சை ஒருவரும் பேசியதில்லை. லோகநாதன் மட்டும் விடவில்லை. "அது தப்புமா. அந்த ஆளு மறந்துபோய்ப் பண்ணிட்டான். தப்பை எல்லாம் நடிப்புன்னு சொன்னா எப்பிடி?"

"தப்புன்னா தப்பாவே இருக்கட்டும். எனுக்கு அந்தத் தப்பை இன்னொரு தபா பாக்கணும்" என்றாள். விரல் கழுத்துத் தாலியைத் திருகிக்கொண்டிருந்ததை நான் மட்டும்தான் கவனித்தேன்.

அன்று அவளை ஏரிக்கரை வரைக்கும் கொண்டுபோய்விடுகிற சாக்கில் பிடித்துக்கொண்டேன். தண்ணீரில் பாதி சூரியன் கிடந்தது. மடையோரம் கொக்குகள் ஒற்றைக்காலில் நின்றபடி தூங்கின.

"இன்னாடி விஷயம்? மூடி மறைக்காம சொல்லு."

"அது அவர்தான் அக்கா."

"எவரு?"

"தொட்டுக் கும்பிட்டாரே, அவரு. எங்கூட்டுக்காரர்."

எனக்கு முதலில் பயமாக இருந்தது. ஏழு வருஷம் தனியாகப் படுத்துத் தனியாக எழுந்தவள், புத்தி எங்கேயாவது நழுவிவிட்டதோ என்று நினைத்தேன். அவள் நிதானமாகச் சொன்னாள். ஊரில் எல்லோரும் கால் பட்டால் தொட்டு ஒரு தரம் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். தணிகைவேல் தொட்ட கையை வலது கண்ணில் வைப்பான், இடது கண்ணில் வைப்பான், அப்புறம் நெஞ்சில் வைப்பான். கற்பூரம் ஒற்றிக்கொள்கிற மாதிரி முழுசாகச் செய்வான். கல்யாணமாகி மாட்டு வண்டியில் வரும்போது அவன் கால் இவள்மேல் பட்டு இப்படிச் செய்ய, இவள் முந்தானைக்குள் சிரித்திருக்கிறாள். மாட்டின்மேல் கால் பட்டாலும் செய்வான், நெல் அளக்கிற மரக்கால்மேல் பட்டாலும் செய்வான். அந்தப் பிணமும் கண், கண், நெஞ்சு என்றுதான் செய்தது.

"முகம்?"

"முகம் பூரா மாவு. திரும்பறதுக்குள்ள போயிட்டாரு. கடைசி நாள்தான் நான் பாத்தேன். மறுநாள் பொட்டியைத் தூக்கிட்டாங்க. அன்னிலேர்ந்து கண்ணை மூடினா அதான் ஓடுது. ஒரு நாள் அவர் மாதிரி கீது, ஒரு நாள் எவனோ மாதிரி கீது."

"சித்திரைல பாத்ததை இப்ப சொல்றியே. உன் மாமியார் கிட்டயாச்சும் சொல்லி இருக்கலாம் இல்ல?"

"கெயவி கிட்ட சொல்லி, அது அவர் இல்லன்னு ஆயிட்டா? ரெண்டாவது தபா புள்ளையைச் சாவடிச்ச பாவம் எனுக்கு வேணாம். நானே இன்னொரு தபா பாத்துட்டு சொல்லலாம்னு இருந்தேன். இப்ப நேரமில்ல அக்கா. வர்ற அமாவாசைக்குக் காரியம் வச்சிட்டாங்க."

அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. ஏழு வருஷமாக ஒரு தகவலும் இல்லாதவனைச் செத்தவனாக வைத்து, மகாளய அமாவாசையில் காரியம் செய்து முடித்துவிடலாம் என்று பங்காளிகள் பேசி முடித்திருந்தார்கள். ஆத்மா அலையக்கூடாதாம். அலைகிற ஆத்மாவை விடுங்கள், அன்றைக்கு இவள் பூவையும் பொட்டையும் தாலியையும் எடுத்துவிடுவார்கள். உண்ணாமலையும் அழுது அழுது ஓய்ந்து சரி என்று சொல்லிவிட்டாள். மாளிகைப் படம் போன வருஷம் எடுத்தது என்பது ராஜாராம் வாயாலேயே எனக்குத் தெரியும். அந்தப் பிணம் தணிகைவேல் என்றால் அவன் போன வருஷம் உயிரோடு இருந்திருக்கிறான். செத்தவனாக நடித்ததுதான் அவன் சாகவில்லை என்பதற்குச் சாட்சி.

மறுநாள் நான் தீவுக் கட்சியிலிருந்து விலகினேன். காரணம் சொல்லவில்லை, பவளம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். லோகநாதனைப் பிடித்துக் காய்ச்சி எடுத்தேன். மணலில் புதைத்தவன் மூக்கில் மணல் போகாதா, கண்ணில் மணல் இல்லாமல் எப்படி எழுந்து வந்தான் என்று கேட்டேன். பாவம், அவரும் போதும் தாயே என்று வழிக்கு வந்தார். முத்துகிருஷ்ணன் ஏற்கெனவே வளர்ப்பு என்ற அந்த ஒரு வார்த்தையில் கவிழ்ந்திருந்தார். கடைசியில் ராஜாராம் மட்டும்தான் இடைஞ்சல்.

"அந்தப் படத்துக்கு எவன் வருவான்? ஒரு தபா சிரிச்சாச்சு. பெஞ்சு டிக்கெட்டு ஒண்ணுகூட வியாபாரம் ஆவாது."

"பொம்பளைங்க பக்கம் நான் ரொப்பறேன் மொதலாளி" என்றாள் பவளம். "ரொம்பலன்னா அடுத்த வருஷம் நான் கொட்டகைப் பக்கமே வரல."

அவள் கடலை இல்லாத கொட்டகை அவருக்கும் கற்பனைக்கு வராத விஷயம். பெட்டிக்குச் சொல்லி அனுப்பினார்.

சம்பா நடவு நடந்துகொண்டிருந்த சமயம் அது. தினம் ஒரு கழனியில் நடவு. பவளம் வரிசையில் நின்று நாற்றை ஊன்றிக்கொண்டே கதை சொன்னாள். நானும் இரண்டு நாள் கூடப் போனேன். தண்ணீரில் மேகம் மிதக்கும். குனிந்தால் நம் முகத்துக்கு மேலே மேகம் போவது தெரியும். அதைக் கிழித்து நாற்றை வைப்போம், மறுபடி மூடிக்கொள்ளும். அவள் குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல் வரும், தாலாட்டுப் பாடுகிற மாதிரி.

தூரதேசத்தில் ஒருத்தன் செத்துப்போனான் என்று ஆரம்பிப்பாள். அவனுக்குச் செத்தது தெரியவில்லை. பசியில் எழுந்தான். ஊர் எந்தப் பக்கம் என்று நினைவில்லை, காற்றில் நெல் வாசனை வந்த பக்கமாக நடந்தான். வழியில் மற்றப் பிணங்கள் சேர்ந்துகொண்டன. அவர்கள் கடிக்கப் போனார்கள், இவன் கடிக்கவில்லை. ஆற்றைத் தாண்டும்போது மீன்கள் அவன் காலைச் சுற்றி வந்தன. கரும்புக் கொல்லையில் நரி அவனைப் பார்த்து வழிவிட்டது. மாளிகை வந்தது.

"அப்புறம்?" என்று நடவுக்காரிகள் கேட்பார்கள்.

"கொட்டகைல வந்து பாருங்க."

இதில் பாதிக்குமேல் படத்திலேயே கிடையாது. ஆறும் இல்லை, மீனும் இல்லை, நரியும் இல்லை. நான் டிக்கெட் கிழிப்பவள், எனக்குத் தெரியாதா? ஆனாலும் நாற்றுக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாய் பிளந்து கேட்டேன். சாயங்காலம் நாங்கள் சேறு படிந்த காலோடு வரப்பில் வரிசையாகத் திரும்பியபோது ஒருவரும் பேசவில்லை. எங்கள் நிழல்கள் நட்ட பயிர்மேல் நீளமாக நடந்து வந்தன. எனக்குப் பின்னால் இன்னும் யாரோ வருகிற மாதிரியே இருந்தது. திரும்பிப் பார்க்க மனசில்லை.

அமாவாசைக்கு முந்தின நாள் முதல் ஆட்டம். பெண்கள் பக்கம் மணல் தெரியவில்லை. வேடிக்கையாகச் சிரித்துவிட்டுப் போகலாம் என்று ஆண்கள் பக்கமும் நிறைந்துவிட்டது. உண்ணாமலையைப் பவளம் எப்படிக் கூட்டி வந்தாள் என்று கேட்காதீர்கள். பிள்ளை போனதிலிருந்து கோயிலுக்குக்கூடப் போகாத கிழவி. "அத்தே, நாளைக்கு நீ சொல்றபடி எல்லாம் உக்காந்து எழுந்திருக்கறேன். இன்னிக்கு ஒரு நாள் நான் சொல்றபடி வா" என்றாளாம். அவ்வளவுதான். முன்னால் மணலைக் குவித்து மேடாக்கி கிழவியை உட்காரவைத்தோம். பவளம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பெண்கள் பக்கத்து வாசலை அன்றைக்குச் சீக்கிரமே சாத்திவிட்டேன்.

படம் ஓடியது. அட்டை மாளிகை வந்தது, மாவு முகங்கள் வந்தன. கிழவிக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏம்மே இதைக் காட்டற? எல்லாம் பொணமா கீது" என்று முணுமுணுத்தாள். பவளம் என் கையைப் பிடித்திருந்தாள். 

படிக்கட்டுக் காட்சி வந்தது. ஒன்று, இன்னொன்று, இன்னொன்று என்று தாண்டிப் போயின. கால் இடித்தது. குனிந்தது. தொட்டது. கண், கண், நெஞ்சு. ஆண்கள் பக்கம் எதிர்பார்த்துக் காத்திருந்த சிரிப்பு வெடித்தது.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் உண்ணாமலை எழுந்து நின்றாள். புடவைத் தலைப்பு மணலில் விழுந்தது. திரையைப் பார்த்துக் கையை நீட்டிக் கத்தினாள்.

"டேய் தணிகா! இன்னாடா இப்பிடி எளச்சிப் போய்ட்ட!"

அதற்குள் அந்தப் பிணம் மாளிகைக்குள் போய்விட்டது. கிழவி நின்றுகொண்டே இருந்தாள். சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்கு நினைவில்லை. 

நடுவிலிருந்த மண் சுவர்மேல் லோகநாதன் எட்டிப் பார்த்தார். "யாரு? எந்தத் தணிகா?" என்றார். சத்தியத்துக்கு இனி வேலையில்லை என்று நான் சொன்னேன். கேட்டதும் அவர் முகம் போன போக்கை என்னால் சொல்ல முடியாது. திரும்பி மிஷின் ரூமுக்கு ஓடினார். எங்கள் கொட்டகையில் ஒரே மிஷின்தான், ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டு வேறு ரீல் மாட்டுவார்கள். அன்றைக்கு விளக்கு வந்தது, வேறு ரீல் வரவில்லை. அதே ரீலைத் திருப்பிச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ராஜாராம் வாசலில் நின்று பார்த்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை. என்ன விஷயம் என்பது அதற்குள் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பரவிவிட்டது.

இரண்டாவது முறை அந்தப் பிணம் குனிந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. பெண்கள் பக்கத்தில் சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள், ஏன் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. உண்ணாமலை அசையாமல் பார்த்தாள். அவள் பெற்ற பிள்ளை, ஏழு வருஷத்துக்கப்புறம், இத்தனை பெரிய உருவமாக, வெளிச்சத்தால் ஆனவனாக, தலைக்கு மேலே நடந்து போனான். பவளமும் பார்த்தாள். போன முறை அவசரத்தில் தவறவிட்டதையெல்லாம் எடுத்துக்கொள்கிறவள்போல், கண்ணை ஒரு தரம்கூடச் சிமிட்டாமல் பார்த்தாள்.

படம் முடிகிறவரை நாங்கள் இருக்கவில்லை. கூடையை நான் தூக்கிக்கொண்டேன். ஏரிக்கரைமேல் நடக்கும்போது கிழவி வாய் ஓயவில்லை. காரியமாவது, கத்தரிக்காயாவது, நாளைக்கு எந்தப் பங்காளி வாசலுக்கு வருகிறான் பார்க்கலாம் என்றாள். சினிமாவில் சேர்ந்துவிட்டானே, எத்தனை பெரிய மாளிகை, அதில் நடந்து போகிறானே என்றாள். தீபாவளிக்கு வந்துவிடுவான், வந்தால் எள்ளடை சுட வேண்டும் என்றாள். ஏழு வருஷம் கூனிப்போயிருந்த உடம்பு அன்றைக்கு எங்களுக்கு முன்னால் நடந்தது. எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு படத்துக்காகச் சண்டை போட்டு ஒரு மனுஷனை உயிரோடு எழுப்பிவிட்ட திமிர் அது. பவளம் மட்டும் தலையைக் குனிந்தபடி எங்களுக்குப் பின்னால் வந்தாள்.

வீடு வந்ததும் கிழவி அடுப்பு மூட்ட உள்ளே போனாள். நான் கூடையைக் கொடுத்தேன்.

"இன்னாடி, ஜெயிச்சிட்ட. நாளைக்கு உன் பொட்டு மேல எவனும் கை வைக்க முடியாது. சிரியேன்."

அவள் கூடையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, உள்ளே எரிகிற அடுப்பு வெளிச்சத்தைப் பார்த்தபடி சொன்னாள்:

"மொதல் தபா பாத்தப்ப அவரா இல்லையான்னுதான் பாத்தேன் அக்கா. இன்னிக்குத்தான் அவரைப் பாத்தேன். எங்கியோ படுத்த படுக்கையா கீறாரு, இல்ல எவனாச்சும் புடிச்சி அடச்சி வச்சிக்கினு கீறான், அதான் வர முடியலன்னு நெனச்சிக்கினு இருந்தேன். கை நல்லா கீது. கால் நல்லா கீது. நல்லா நடக்கறாரு. மெட்ராஸ்லேர்ந்து உத்திரமேரூருக்கு நேர் பஸ்ஸு கீது அக்கா."

 வாய்க்காரிக்கு வாய் போன நாள் அது.

"இந்த ஏழு வருஷமா ராவுல நான் கதவுக்குத் தாப்பா போட்டதே இல்ல" என்றாள். "திடீர்னு வந்தா தட்டிக்கினு நிக்க வேணாமேன்னு. நாய் பூந்து சோத்துப் பானைய உருட்டின நாள்கூட உண்டு. சரி, போய்ட்டு வா அக்கா. இருட்டிப்போச்சு."

கதவு மூடியது. நான் நாலு வீடு தாண்டவில்லை, பின்னால் சத்தம் கேட்டு நின்றேன். துருப்பிடித்த தாழ்ப்பாள் லேசில் நகரவில்லை போலிருக்கிறது. எதையோ எடுத்து அதன் தலையில் தட்டினாள். கிழவி உள்ளேயிருந்து, "இன்னாமே சத்தம்?" என்று கேட்டாள். பவளம் இன்னும் பலமாகத் தட்டினாள். தாழ்ப்பாள் உள்ளே விழுந்தது.